நூலகத்தில் க்யூஆர் கோடு: ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

டீக்கடையிலும் காய்கறி வண்டியிலும் க்யூஆர் கோட்டை ஸ்கேன் செய்து பழகியவர்கள்தான் இன்று நூலகத்துக்கு வருகிறார்கள். வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியது கொஞ்சம்தான். நூலகப் பணியாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதைவிட அதிகம். எந்த முகவரியைக் கோட்டுக்குள் வைப்பது, எவ்வளவு பெரிதாக அச்சிடுவது, எங்கே ஒட்டுவது, ஒட்டியதை எப்படிக் காப்பது என்பதையெல்லாம் முதலிலேயே முடிவு செய்யாவிட்டால், ஆறு மாதத்தில் பாதிக் கோடுகள் எங்கும் போகாத கதவுகளாகிவிடும். கோகா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் இயங்கும் ஒரு கல்லூரி நூலகத்தை மனதில் வைத்து இது எழுதப்படுகிறது. கிளை நூலகம், பள்ளி நூலகம் எதுவானாலும் அடிப்படை இதுவே.

ஏற்கெனவே உள்ள பார்கோட்டை அகற்றாதீர்கள்

புத்தகத்தின் அக்செஷன் எண்ணை (நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் தரும் தனி எண்ணை) தாங்கி நிற்கும் கோடுகோடான பார்கோடு கவுண்டரில் இருக்கும் ஸ்கேனருக்கானது. க்யூஆர் கோடு வாசகரின் கைபேசிக்கானது. பல நூலகங்களில் இருப்பது சிவப்பு ஒளிக்கோட்டை வீசும் லேசர் ஸ்கேனர். அது ஒரே நேர்க்கோட்டில்தான் படிக்கும், அதனால் சதுர வடிவக் கோட்டைப் படிக்கவே படிக்காது. இரண்டையும் படிக்க, படமெடுத்துப் புரிந்துகொள்ளும் 2டி இமேஜர் வகை ஸ்கேனர் வேண்டும். அதை வாங்கும்வரை அக்செஷன் பார்கோட்டை க்யூஆருக்கு மாற்றினால் புத்தகம் கொடுப்பதும் வாங்குவதும் நின்றுவிடும்.

க்யூஆர் கோட்டை 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹாராவின் குழு உருவாக்கியது, வாகன உதிரிபாகங்களைக் கண்காணிப்பதற்காக. பயன்படுத்தக் கட்டணம் இல்லை. காலாவதித் தேதியும் இல்லை. 'உங்கள் கோடு காலாவதியாகிவிட்டது, பணம் கட்டுங்கள்' என்று ஒரு இணையதளம் சொன்னால், காலாவதியானது அந்தத் தளத்தின் இடைமுகவரிதான். இதைப் பற்றிக் கீழே விரிவாக வருகிறது.

எங்கே வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள்

ஒரு தாளில் நூலகத்தின் வரைபடத்தைப் போட்டு, எந்த இடத்தில் நிற்கும் வாசகர் கவுண்டருக்கு வந்து என்ன கேட்கிறார் என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். கேள்வி எழும் இடத்தில்தான் கோடு இருக்க வேண்டும். நூலகத்தின் முகப்புப் பக்கத்துக்குப் போகும் ஒரே கோட்டைப் பத்து இடங்களில் ஒட்டுவது வீண் வேலை. தமிழ் இலக்கிய அலமாரி முன் நிற்பவருக்கு முகப்புப் பக்கத்தில் இருக்கும் கட்டடப் படம் எதற்கு?

தொடக்கத்துக்கு ஐந்தாறு கோடுகள் போதும். நுழைவாயிலில் வைஃபை இணைப்புக்கு ஒன்று. கவுண்டரில், எடுத்த புத்தகத்தைப் புதுப்பிப்பதற்கான கோகா உறுப்பினர் பக்கத்துக்கு ஒன்று. பழைய வினாத்தாள் கேட்டு வருபவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு, அவர்களுக்கு ஒன்று. அச்சு இதழ்கள் வைத்திருக்கும் தட்டில் அந்த இதழின் மின்பதிப்புக்கு ஒன்று. அலமாரியின் பக்கவாட்டில், உதாரணமாக டூயி என்ற நூல் வகைப்பாட்டு முறையில் 894.811 என்று தொடங்கும் தமிழ் இலக்கியப் பகுதியில், அந்தத் துறையில் புதிதாக வந்த நூல்களின் பட்டியலுக்கு ஒன்று.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பழைய நூல்கள் இந்த வசதிக்கு மிகப் பொருத்தமானவை. தொட முடியாத புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வழி கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலோ, இலங்கை நூலென்றால் 'நூலகம்' என்ற நிறுவனத்தின் தளத்திலோ அதே நூல் மின்வடிவில் இருக்கலாம். இணைப்புக் கொடுக்கும் முன் பதிப்பாண்டைச் சரிபாருங்கள். பெட்டிக்குள் இருப்பது முதல் பதிப்பாகவும், இணையத்தில் இருப்பது ஐம்பது ஆண்டு கழித்து வந்த மறுபதிப்பாகவும் இருந்தால் அதைக் கோட்டுக்குக் கீழே எழுதிவிட வேண்டும்.

வினாத்தாள் பற்றி ஒரு சொல். ஸ்கேன் செய்த வினாத்தாள்களையெல்லாம் ஒரே பிடிஎஃப் ஆக்கினால் கோப்பு மிகப் பெரிதாகிவிடும். கைபேசி டேட்டாவில் அதைத் திறக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிடுவார்கள். பாடத்துக்கு ஒரு கோப்பு, ஆண்டுக்கு ஒரு கோப்பு என்று பிரித்து, ஒவ்வொன்றையும் 2 எம்பிக்குள் வையுங்கள்.

முகவரி: இங்கேதான் அதிகம் தவறுகிறது

அச்சிட்ட கோட்டுக்குள் இருக்கும் எழுத்துகளைப் பிறகு மாற்ற முடியாது. எனவே எந்த முகவரியை வைக்கிறோம் என்பதில்தான் கோட்டின் ஆயுள் இருக்கிறது.

இலவசமாகக் கோடு செய்து தரும் பல தளங்கள் 'டைனமிக்' என்ற பெயரில், உங்கள் முகவரிக்குப் பதிலாகத் தங்களுடைய குறுமுகவரியைக் கோட்டுக்குள் வைத்துவிடும். வாசகர் ஸ்கேன் செய்தால் முதலில் அவர்கள் தளத்துக்குப் போய்த்தான் உங்கள் பக்கத்துக்கு வருவார். சோதனைக் காலம் முடிந்து அவர்கள் அதை நிறுத்தினால், நீங்கள் ஒட்டிய ஐந்நூறு லேபிளும் ஒரே நாளில் செத்துவிடும். செய்து முடித்த எந்தக் கோட்டையும் ஸ்கேன் செய்து, திரையில் முதலில் தெரியும் முகவரி உங்கள் நிறுவனத்தின் தளப்பெயரில்தான் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

ஆனால் மாற்றிக்கொள்ளும் வசதி தேவைதான். அதை நூலகமே வைத்துக்கொள்ளலாம். உங்கள் தளத்தின் பெயர், சாய்கோடு, 'க்யூ' என்ற ஓர் எழுத்து, மறுபடி சாய்கோடு, ஓர் எண் என்று குறுமுகவரி அமைத்து, அந்த எண்ணை உண்மையான பக்கத்துக்குத் திருப்பிவிடும்படி சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள். அப்பாச்சி சர்வரில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வரி எழுதினால் போதும். கேட்கும்போது '302 வகைத் திருப்பம் வேண்டும், 301 வேண்டாம்' என்று சொல்லுங்கள். 301 என்றால் 'நிரந்தரமாக மாறிவிட்டது' என்று பொருள். கைபேசியின் உலாவி அதை நினைவில் வைத்துக்கொண்டு, நீங்கள் பிறகு இலக்கை மாற்றினாலும் பழைய பக்கத்துக்கே போகும்.

சிறிய முகவரியால் இன்னொரு நன்மையும் உண்டு. உள்ளே எழுத்துகள் குறைந்தால் கோட்டில் கட்டங்கள் குறையும், ஒவ்வொரு கட்டமும் பெரிதாகும். கோகாவில் ஒரு நூலின் விவரப் பக்க முகவரி ஏறக்குறைய 70 எழுத்து நீளம். நடுத்தரப் பிழைதிருத்த அளவில் (கோடு சேதமானாலும் படிக்க வைக்கும் ஏற்பாடு, கீழே வருகிறது) அது நீளத்திலும் அகலத்திலும் 37 கட்டமுள்ள சதுரமாகிறது. 30 எழுத்துக் குறுமுகவரி 29 கட்டத்தில் அடங்கிவிடும். சுற்றி விட வேண்டிய வெற்று விளிம்பையும் சேர்த்து 20 மி.மீ. லேபிளில் அச்சிட்டால், முதலாவதில் ஒரு கட்டம் சுமார் 0.44 மி.மீ., இரண்டாவதில் 0.54 மி.மீ. பழைய கைபேசிக் கேமராவுக்கு இந்த வித்தியாசம் பெரியது.

கோகா முகவரியை நேராகவே வைக்கிறீர்களென்றால், தேடல் முடிவுப் பக்கத்தின் முகவரியை எடுக்காதீர்கள். நூலின் விவரப் பக்கத்தைத் திறந்து, பிப்ளியோநம்பர் என்ற பதிவு எண்ணோடு முடியும்படி முகவரியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் தேடல் சொற்களையும் மற்றவற்றையும் வெட்டிவிடலாம். ஒரே நூலுக்கு இரண்டு பதிவுகள் இருந்து அவற்றை ஒன்றாக்கும்போது, கோடு அச்சிட்ட பதிவின் எண்ணையே தக்கவைக்க வேண்டும். மற்றதன் எண் மறைந்துவிடும்.

தமிழ் எழுத்துள்ள முகவரிகளில் கவனம் தேவை. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரை முகவரி உலாவியில் அழகாகத் தமிழில் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் ஒவ்வொரு குறியீடும் (எழுத்தும் அதன் துணைக்குறியும் தனித்தனிக் குறியீடு) ஒன்பது எழுத்துகளாக விரியும். 'நூலகம்' என்ற சொல் யூனிகோடில் ஆறு குறியீடுகள், முகவரியில் 54 எழுத்துகள். இப்படிப்பட்ட பக்கங்களுக்குக் குறுமுகவரி கட்டாயம்.

கோட்டை உருவாக்குதல்

இணையதளங்களை நாடாமலே செய்யலாம். லிப்ரேஆபீஸ் 6.4 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. இன்சர்ட் மெனுவில் ஓஎல்இ ஆப்ஜெக்ட், அதற்குள் க்யூஆர் அண்ட் பார்கோடு. முகவரியை ஒட்டி, பிழைதிருத்த அளவைத் தேர்ந்து, மார்ஜின் பெட்டியில் 4 என்று கொடுங்கள். பத்து இருபது கோடுகளுக்கு இது போதும்.

நூற்றுக்கணக்கில் வேண்டுமானால் ஜிண்ட் என்ற இலவச மென்பொருள் உதவும். ஒரு வரிக்கு ஒரு முகவரி என்று எழுதிய கோப்பைக் கொடுத்தால் வரிசையாகக் கோடுகளைச் செய்து தரும். அதில் க்யூஆருக்கான வெற்று விளிம்பைச் சேர்க்கும் தெரிவை நாமே இயக்க வேண்டும். கோப்பை எஸ்விஜி வடிவில் சேமியுங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் மழுங்காது. வாட்ஸாப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிய ஜேபெக் படத்தை அச்சகத்துக்குக் கொடுக்காதீர்கள். அழுத்தப்பட்ட படத்தில் கட்டங்களின் ஓரம் கலங்கியிருக்கும்.

பிழைதிருத்தம் நான்கு அளவுகளில் வருகிறது: எல், எம், க்யூ, ஹெச். முறையே சுமார் 7, 15, 25, 30 விழுக்காடு சேதத்தைத் தாங்கும். 'அதிகம்தானே நல்லது' என்று எல்லாவற்றுக்கும் ஹெச் வைப்பது தவறு. மேலே சொன்ன 70 எழுத்து முகவரியை ஹெச் அளவில் செய்தால் 49 கட்டச் சதுரமாகிவிடும். அதே 20 மி.மீ. லேபிளில் ஒரு கட்டம் 0.35 மி.மீ.க்குச் சுருங்கும். சேதத்தைத் தாங்க வைத்த ஏற்பாடே படிக்க முடியாமல் செய்துவிடும். புத்தகத்துக்குள் ஒட்டும் லேபிளுக்கு எம், கைபடும் மேசையிலும் அலமாரியிலும் ஒட்டுவதற்கு க்யூ என்று வைத்துக்கொள்ளலாம்.

நடுவில் கல்லூரிச் சின்னம் வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கோரிக்கை வரும். சின்னம் மறைக்கும் இடம் முழுவதும் சேதக் கணக்கில்தான் சேரும். பிறகு ஒரு கீறலுக்குக்கூட இடமிருக்காது. சின்னத்தையும் பெயரையும் கோட்டுக்கு வெளியே, மேலே அச்சிடுங்கள்.

வைஃபை கோட்டுக்குக் கைபேசியே போதும். இணைப்பில் இருக்கும் கைபேசியின் வைஃபை அமைப்பில் 'பகிர்' என்பதை அழுத்தினால் கோடு திரையில் வரும். ஆனால் கடவுச்சொல் அதற்குள் வெளிப்படையாகவே இருக்கிறது. அலுவலகக் கணினிகள் இருக்கும் இணைப்பைக் கொடுக்காமல், விருந்தினருக்கென்று தனி இணைப்பு வைத்து அதை மட்டும் கொடுங்கள்.

இணையமே எட்டாத இடங்களில் கோட்டுக்குள் முகவரிக்குப் பதில் சில வரி உரையை வைக்கலாம். டேட்டா இல்லாமலே திறக்கும். தமிழில் எழுதினால் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். 60 குறியீடுள்ள ஒரு வாக்கியம் 180 பைட், எம் அளவில் 53 கட்டச் சதுரம். அதற்கு மேல் போனால் சுவரில் தாளிலேயே எழுதி ஒட்டுவது நல்லது.

அளவும் அச்சும்

ஸ்கேன் செய்பவர் நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு கோட்டின் அகலமாக இருக்க வேண்டும் என்பது நம்பகமான கணக்கு. கையில் பிடித்திருக்கும் புத்தகம் 20 முதல் 30 செ.மீ. தொலைவில் இருக்கும், எனவே 2 முதல் 3 செ.மீ. போதும். அலமாரிப் பக்கவாட்டுக்கு, ஒரு மீட்டரில் நிற்பவருக்காக, 10 செ.மீ. வாசலில் இரண்டு மீட்டர் தள்ளி நின்று படிக்க 20 செ.மீ. வேண்டும், ஏ4 தாளின் அகலம் முழுவதும் இதற்கே போகும்.

நான்கு பக்கமும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்று வெள்ளை விளிம்பு இருக்க வேண்டும். படிக்காத கோடுகளில் இதுவே முதல் காரணம்: அழகுக்காகச் சுற்றிலும் பெட்டிக்கோடு போட்டுவிடுவார்கள், அல்லது லேபிளை வெட்டும்போது விளிம்பும் போய்விடும். வெள்ளையில் கறுப்பு அச்சே வையுங்கள். மஞ்சள், வெளிர்நீலம் வேண்டாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்கள் வைத்தால் சில செயலிகள் படிக்காது.

புத்தகங்களுக்கு ஏ4 தாளில் 24 லேபிள் வரும் வகையை வாங்குங்கள். ஒவ்வொன்றும் சுமார் 64க்கு 34 மி.மீ. கோட்டை இடப்புறம் வைத்து வலப்புறம் இரண்டு வரி எழுத இடம் கிடைக்கும். 65 லேபிள் வரும் தாளில் உயரம் 21 மி.மீ.தான், அச்சுப்பொறி ஒரு மில்லிமீட்டர் தள்ளி இழுத்தாலும் விளிம்பு போய்விடும். லேசர் அச்சுப்பொறியில் அடியுங்கள். இங்க்ஜெட் மை ஈரக்கையில் கலையும். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தெரிவை அணைத்து 100 விழுக்காட்டில் வையுங்கள், இல்லையேல் லேபிள் எல்லைகள் கீழே போகப் போக விலகும்.

கோட்டுக்குப் பக்கத்தில் எழுதும் வரி முக்கியம். 'ஸ்கேன் செய்யவும்' என்று மட்டும் எழுதினால் யாரும் செய்வதில்லை. 'இந்த நூலின் மற்றப் பிரதிகள் உள்ளனவா என்று பாருங்கள்', 'எடுத்த நூலை இங்கிருந்தே புதுப்பிக்கலாம்' என்று, கிடைக்கப் போவதைச் சொல்லுங்கள். அடியில் குறுமுகவரியையும் அச்சிடுங்கள். கேமரா உடைந்தவரும் கணினியில் இருப்பவரும் தட்டச்சு செய்து போகலாம்.

ஒட்டுதல்

புத்தகத்தின் முதுகில் ஒட்டக் கூடாது. வளைவில் சதுரம் கோணலாகும், டூயி எண் லேபிளும் மறையும். பின்னட்டையின் உள்பக்கம் கீழ் மூலை நல்ல இடம். தேதிச் சீட்டு, நூலக முத்திரை இரண்டும் அதன்மேல் விழாதபடி எல்லாப் புத்தகத்திலும் ஒரே இடமாக வையுங்கள். மேலே செலோடேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டில் மஞ்சளாகி, பசை கசிந்து தாளையும் கெடுக்கும். அரிய நூல்களில் எந்தப் பசை லேபிளும் கூடாது. தனி அட்டையில் அச்சிட்டு அருகில் வையுங்கள்.

சுவரிலும் அலமாரியிலும் ஒட்டுவதற்கு லேமினேஷன் செய்யும்போது மேட் வகையைக் கேளுங்கள். பளபளப்பான தாளில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுக் கோட்டின் நடுவில் வெள்ளைப் பட்டை விழும். உயரம் தரையிலிருந்து 110 முதல் 130 செ.மீ. சக்கர நாற்காலியில் வருபவருக்கு 120க்குள் இருப்பது வசதி. சிறுவர் பகுதியில் இன்னும் கீழே. ஜன்னலுக்கு நேர் எதிரே வெயில் படும் இடத்தில் அச்சு வெளிறிவிடும்.

இரும்பு ரேக்குகள் நெருக்கமாக நிற்கும் அறைகளிலும் அடித்தளத்திலும் சிக்னல் கிடைக்காது. கோடு சரியாக இருந்தும் 'வேலை செய்யவில்லை' என்ற புகார் வருவது இங்கிருந்துதான். ஒட்டுமுன் கைபேசியோடு அந்த இடத்தில் நின்று பாருங்கள்.

மொத்தமாக அச்சிடும் முன் சோதனை

ஒரே ஒரு தாளை அச்சிட்டு, லேமினேஷனும் செய்து, உரிய இடத்தில் தற்காலிகமாக ஒட்டி, கீழ்க்கண்ட பிழைகளுக்காகத் தேடுங்கள்.

நூலகத்தின் வைஃபையை அணைத்துவிட்டு, கைபேசி டேட்டாவில் திறந்து பாருங்கள். 192.168 என்று தொடங்கும் முகவரியைக் கோட்டுக்குள் வைத்திருந்தால் வளாகத்துக்குள் திறக்கும், வெளியே திறக்காது. ஓபேக் (வாசகர் நூல் தேடும் இணையப் பட்டியல்) உள் நெட்வொர்க்கில் மட்டும் இயங்கும் கல்லூரிகளில் இது அடிக்கடி நடக்கிறது.

உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள். நூலகரின் கணக்கில் திறக்கும் கூகுள் டிரைவ் கோப்பு, மாணவருக்கு 'அனுமதி கேளுங்கள்' என்று நிற்கும். பகிர்வை 'இணைப்பு உள்ள எவரும்' என்று மாற்ற வேண்டும். சந்தா இதழ்களும் இப்படித்தான். வளாக ஐபி முகவரியால் திறப்பவை வீட்டிலிருந்து கட்டணம் கேட்கும். அவற்றுக்குத் தொலைநிலை உள்நுழைவுப் பக்கத்தின் வழியாகவே இணைப்புக் கொடுங்கள்.

ஐந்தாறு ஆண்டு பழைய ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றிலும் ஐபோன் ஒன்றிலும் பாருங்கள். ஐபோனில் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் கேமராவே படித்துவிடும். ஆண்ட்ராய்டில் கேமரா படிக்கவில்லையென்றால் கூகுள் லென்ஸ் படிக்கும். பலர் பழக்கத்தில் பணம் அனுப்பும் செயலியைத் திறந்து ஸ்கேன் செய்வார்கள். அது பணக்கோட்டைத்தான் எதிர்பார்க்கும், 'செல்லாத கோடு' என்று சொல்லக்கூடும். 'கேமராவில் ஸ்கேன் செய்யுங்கள்' என்று ஒரு சொல் சேர்த்தால் கவுண்டரில் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. மாலையில், விளக்கு வெளிச்சத்தில், ஒருமுறை மறுபடி பாருங்கள்.

பணமும் உறுப்பினர் அட்டையும்

தாமதக் கட்டணத்துக்கு யுபிஐ கோடு வைத்தால் அதைக் கவுண்டருக்குள், பணியாளரின் பார்வையில் மட்டும் வையுங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிப் பணத்தைத் திருப்பும் மோசடி எங்கும் நடக்கலாம். பணம் பெறுபவராகத் திரையில் தெரிய வேண்டிய பெயரைக் கோட்டுக்குக் கீழே பெரிதாக எழுதுங்கள். மற்றக் கோடுகளிலும் இதே ஆபத்து உண்டு, போலி உள்நுழைவுப் பக்கத்துக்கு அழைத்துப் போகலாம். வாரம் ஒருமுறை விரலால் தடவி, மேலே இன்னொரு படலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

உறுப்பினர் அட்டையில் க்யூஆர் வைக்க விரும்பினால் உள்ளே அட்டை எண் மட்டும் இருக்கட்டும். பெயர், கைபேசி எண், பிறந்த தேதி எதுவும் வேண்டாம். தொலைந்த அட்டையை எடுத்தவர் யாரானாலும் ஸ்கேன் செய்து படித்துவிட முடியும். எண் மட்டும் இருந்தால் கோகாவின் கவுண்டர் திரையிலும் மாற்றம் எதுவும் தேவையில்லை. 2டி ஸ்கேனர் அந்த எண்ணைத் தட்டச்சு செய்ததுபோல் பெட்டியில் இடும்.

பதிவேடு

முதல் கோட்டை ஒட்டும் அன்றே ஒரு விரிதாளைத் தொடங்குங்கள். கோட்டின் எண், ஒட்டிய இடம், போய்ச்சேரும் பக்கம், பக்கத்தில் எழுதிய வரி, அச்சிட்ட அளவு, ஒட்டிய தேதி, கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்தவர். நூலகர் மாறும்போது இந்தத் தாள் கைமாறவில்லையென்றால், புதியவருக்கு எந்தக் கோடு எங்கே போகிறதென்றே தெரியாது. கல்லூரியின் இணையதளத்தை மாற்றியமைக்கும் செய்தி வந்தால், பழைய குறுமுகவரிகள் புதிய தளத்திலும் இயங்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை ஒரு சுற்று வந்து ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்யுங்கள். ஐந்தாறு கோடுகளுக்கு கால்மணி நேரம் ஆகும். புத்தக லேபிள்களை இருப்புச் சரிபார்ப்பின்போது பார்த்துக்கொள்ளலாம், இடையில் அலமாரிக்கு இரண்டு புத்தகம் எடுத்துச் சோதித்தால் போதும். குறுமுகவரி உங்கள் சர்வரிலேயே இருப்பதால், எந்த எண் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பது சர்வர் பதிவில் கிடைக்கும். வாசகரின் பெயரோ கணக்கோ அதற்குத் தேவையில்லை. ஒரு பருவம் முழுவதும் திறக்கப்படாத கோட்டை முதலில் இடம் மாற்றிப் பாருங்கள், பிறகு பக்கத்தில் எழுதிய வரியை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் எடுத்துவிடலாம். எடுக்கும்போது அதன் எண்ணை வேறு பக்கத்துக்குக் கொடுக்காதீர்கள், பழைய லேபிள் எங்கோ ஒரு புத்தகத்துக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த எண்ணை ஓபேக் தேடல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, புதிய பக்கத்துக்குப் புதிய எண் கொடுங்கள்.